பத்தடி முன்னறைக்கு எந்த லென்ஸ்?

முன்பு என் பள்ளி வேனில் போய்வந்த பையன் ஒருவன் இப்போது ஈப்போவில் வேலைக்குப் போகிறான். கையில் காசு புரளத் தொடங்கியதும் கேனன் ஆர்50 கேமரா ஒன்று வாங்கிவிட்டான். போன வாரம் ஐந்து லென்ஸ் பெயர்களை வரிசையாக எழுதி அனுப்பி, "வேன் அங்கிள், இதில் எது நல்லது?" என்று கேட்டான்.

"உன் வீட்டு முன்னறை எத்தனை அடி?" என்று திருப்பிக் கேட்டேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்து ஒரு சிரிப்புப் பொம்மையை அனுப்பி வைத்தான். நான் விளையாடவில்லை. அந்தக் கேள்வியை 2013-இல் என்னிடம் யாராவது கேட்டிருந்தால் எனக்கு ஒரு கூட்டுப் பணம் (சீட்டுப் பணம்) மிச்சமாகியிருக்கும்.

நான் பகலில் வேன் ஓட்டுபவன். சனி, ஞாயிறு வந்தால் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் தாமான்களிலும் (வீடமைப்புப் பகுதிகளிலும்) படம் எடுப்பேன். காதுகுத்து, 21-ஆம் பிறந்தநாள், கல்யாணம், கோவில் திருவிழா, சில சமயம் கருமாதி. தொடங்கும்போது கேனன் 60டி உடலும் அதோடு வந்த 18-55 லென்ஸும்தான் என் சொத்து. (இந்த எண்கள் மில்லிமீட்டர்; குறையக் குறைய அகலமாக விழும், கூடக் கூடத் தூரத்தில் இருப்பது பெரிதாக விழும்.) இரண்டு வருடம் கழித்து, பெரிய ஸ்டூடியோக்காரர்கள் எல்லாம் 24-70 எஃப் 2.8 (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் துளை பெரிது, வெளிச்சம் அதிகம்) வைத்திருப்பதைப் பார்த்து ஆசைப்பட்டு, கூட்டு கட்டி எடுத்த பணத்தில் அதே லென்ஸைப் பழசாக வாங்கினேன். கையில் எடுத்தாலே ஒரு கனம், ஒரு கம்பீரம். சரி, இனிமேல் நாமும் ஆள்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் வேலை ஒரு லயத்து வீட்டில் காதுகுத்து. தாய்மாமன் நாற்காலியில் உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்திருக்கிறார். ஆசாரி குனிகிறார். அம்மா ஒரு பக்கம், ஆயா ஒரு பக்கம், பின்னால் சின்ன பிள்ளைகள். நான் எதிர்ச்சுவரில் முதுகை ஒட்டி நிற்கிறேன். ஜூமை முழுதாகப் பின்னுக்கு இழுத்தும் ஆயாவுக்குப் பாதி முகம்தான் விழுகிறது. கடைசியில் வெளியே ஓடி, சன்னல் கம்பிக்கு நடுவில் லென்ஸை விட்டு எடுத்தேன். படங்களில் பாதிக்கு மேல் ஓரத்தில் கம்பி நிழல். ஆல்பம் கொடுத்தபோது அந்த ஆயா, "ஏன் தம்பி, திருடன் மாதிரி சன்னலுக்கு வெளிய நின்னு எடுத்தே?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது.

லென்ஸ் மேல் குற்றம் இல்லை. 24-70 என்பது ஃபுல் ஃபிரேம், அதாவது பெரிய சென்சார் (படம் பதியும் சில்லு) உள்ள கேமராவுக்காகப் பிறந்தது. என் 60டி-யின் சென்சார் சிறியது. கேனனின் இந்தச் சிறிய சென்சாரில் எண்ணை 1.6 ஆல் பெருக்க வேண்டும்; நிக்கோன், சோனி, ஃபூஜியில் 1.5. ஆக என் 24 அங்கே 38 ஆகிவிட்டது. அகலமே போய்விட்டது. இதைக் கடைக்காரர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்தப் பெருக்கல் கணக்கைவிட அடிக்கணக்கு நமக்கு எளிது. ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: நிற்கும் தூரத்தைச் சென்சாரின் அகலத்தால் பெருக்கி, லென்ஸின் மில்லிமீட்டரால் வகுத்தால், எத்தனை அடி அகலம் படத்தில் விழும் என்று தெரிந்துவிடும். சென்சார் அகலம் ஃபுல் ஃபிரேமில் 36 மில்லிமீட்டர். கேனன் சிறியதில் 22.3. மற்றவர்களின் சிறியதில் ஏறக்குறைய 23.5.

பத்தடி முன்னறை என்றால் பத்தடி கிடைக்காது. உட்கார்ந்திருப்பவர் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இருப்பார். உங்கள் உடம்புக்கும் கேமராவுக்கும் ஓரடி போய்விடும். மிஞ்சுவது ஏழடி. அந்த ஏழடியில், கேனன் சிறிய சென்சாரில் 24 போட்டால் ஆறரை அடி அகலம்தான் விழும். ஒரு சோபாவும் அதன் இரண்டு கைப்பிடியும், அவ்வளவுதான். 18 போட்டால் எட்டே முக்கால் அடி வரை வரும். 17 போட்டால் ஒன்பது அடிக்கு மேல். ஃபுல் ஃபிரேமில் 24 என்றால் பத்தரை அடி, 28 என்றால் ஒன்பது அடி. ஆயா உள்ளே வருவதும் வெளியே நிற்பதும் இந்த இரண்டு மூன்று அடியில்தான் இருக்கிறது.

அகலமான பக்கத்தில் இன்னொரு சங்கதி. 17, 18 என்று முழுதாக விரித்து எடுக்கும்போது ஓரத்தில் இருப்பதெல்லாம் பக்கவாட்டில் இழுபடும். ஓரத்தில் நிற்கும் பெரியம்மா இன்னும் பெரியம்மாவாகி விடுவார். ஒல்லியான பிள்ளைகளை ஓரத்தில் நிறுத்துங்கள், பெரியவர்களை நடுவில் உட்கார வையுங்கள். மரியாதைக்கு மரியாதையும் ஆச்சு.

இப்போது எதிர்ப்பக்கம். தோட்டத்துக் கோவில் தீமிதியில் கயிறு கட்டி நம்மை முப்பதடி தள்ளி நிறுத்திவிடுவார்கள். அங்கே ஃபுல் ஃபிரேமில் 70 போட்டால் பதினைந்து அடி அகலம், பத்தடி உயரம் விழும்; பூக்குழி மிதிப்பவர் படத்தில் பாதி உயரத்துக்கு நிற்பார். 105 போட்டால் உயரம் ஏழடி; தலையில் கரகத்தோடு ஆள் முழுதாக நிறைவார். சிறிய சென்சாரில் 50 என்பது இந்த 70-க்கும் 105-க்கும் நடுவில் வரும், 80 மாதிரி. ஆக "எது நல்லது" என்பதற்கு முன்னால், நீங்கள் எங்கே நிற்கப் போகிறீர்கள் என்று தெரிய வேண்டும்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். கையிலிருக்கும் லென்ஸில் கடைசி மூன்று விசேஷத்தில் எடுத்த படங்களைக் கணினியில் திறந்து, ஒவ்வொன்றும் எத்தனை மில்லிமீட்டரில் எடுத்தது என்று பாருங்கள். படத்தின் விவரப் பகுதியில் அது பதிந்திருக்கும். கெடுத்த படங்களை விட்டுவிட்டு, ஆல்பத்துக்குப் போனவற்றை மட்டும் எண்ணுங்கள். நான் எண்ணியபோது பாதிக்கு மேல் 18-க்கும் 24-க்கும் இடையில் இருந்தன. மீதியில் பெரும்பகுதி 50-ஐ ஒட்டி. நடுவில் 35 பக்கம் நான் அதிகம் போவதே இல்லை. கடைசி எண்ணிலேயே படங்கள் குவிந்து கிடந்தால் அந்தப் பக்கம் உங்களுக்கு இன்னும் வேண்டும் என்று அர்த்தம்.

வெளிச்சத்துக்கு வருவோம். இதில்தான் காசு போகிறது.

கேமராவோடு வரும் லென்ஸில் 3.5-5.6 என்று இரண்டு எண் போட்டிருக்கும். அகலத்தில் 3.5, ஜூமை முன்னுக்குத் தள்ளத் தள்ளத் துளை சுருங்கி 5.6 ஆகிவிடும். அந்தப் பையனிடம் இருக்கும் 18-45-இல் அதுவும் இல்லை, 4.5-இல் தொடங்கி 6.3-இல் முடிகிறது. 2.8 என்று ஒரே எண் போட்ட ஜூம் லென்ஸ் எந்த ஜூமிலும் 2.8-தான். 5.6-ஐவிட 2.8-இல் நான்கு மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். 6.3-ஐவிட ஐந்து மடங்கு. மத்தியானம் கோவில் வாசலில் இது ஒன்றுமே இல்லை. இரவு பத்து மணிக்கு, செம்பனை மரத்துக்கு நடுவில் இரண்டு விளக்குக் கம்பத்தின் கீழே உருமி மேளம் அடிக்கிறார்களே, அங்கே இதுதான் எல்லாம்.

கணக்கை அங்கேயே வைத்துப் பார்ப்போம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மட்டமான எல்இடி விளக்குகள் நொடிக்கு நூறு தடவை துடிக்கும். ஷட்டரை 1/100 நொடியில் வைத்தால் பட்டை பட்டையாகக் கோடு விழாது. 5.6 லென்ஸோடு அங்கே 1/100 வைக்க ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைக் கேமரா கூட்டிக் காட்டும் அளவு) 12800 தேவைப்பட்டது என்றால், 2.8-க்கு 3200 போதும். 60டி மாதிரி பழைய உடலில் 12800 என்றால் முகத்தில் மணல் அள்ளிப் போட்ட மாதிரி இருக்கும். 3200 தாளில் அச்சடிக்கலாம்.

"கை நடுக்கம் தாங்கும் வசதி இருக்கிறதே, அது போதாதா?" என்று கேட்பார்கள். அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் தாங்கும். உருமிக்காரரின் கையை அது நிறுத்தாது. கருவறை விளக்கு, கோலம், மணவறை அலங்காரம் என்று அசையாதவற்றுக்கு அது நல்ல துணை. கையில் பிடித்து வீடியோ எடுப்பவர்களுக்கு ரொம்பவே வேண்டும். ஆடுபவருக்கு வெளிச்சம்தான் வேண்டும்.

ஃபிளாஷ் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு விலக்கு. தாமான் வீட்டில் வெள்ளைச் சீலிங் இருந்தால் ஃபிளாஷை மேலே திருப்பி அடித்து எஃப் 4 லென்ஸிலேயே அழகாக எடுத்துவிடலாம். தகரக் கூரை வீட்டில் அந்த வேலை நடக்காது. கருவறைக்கு முன்னால் ஃபிளாஷ் அடித்தால் குருக்கள் முறைப்பார். அவர் முறைப்பதும் நியாயம்தான்.

சரி, எதை வாங்குவது? சிறிய சென்சார் கேமரா என்றால் 17 அல்லது 18-இல் தொடங்கி 50 பக்கம் முடியும் 2.8 லென்ஸ் ஒன்று. பழைய கேனன், நிக்கோன் கண்ணாடிப் பெட்டி (டிஎஸ்எல்ஆர்) கேமராக்களுக்கு டாம்ரோன் 17-50 எஃப் 2.8 இருக்கிறது. 2006-இல் வந்தது, இன்னும் பழசாகக் கிடைக்கிறது. நான் 24-70-ஐ விற்றுவிட்டு இதைத்தான் வாங்கினேன், கையில் காசும் மிஞ்சியது. ஃபோகஸ் செய்யும்போது சுள் சுள்ளென்று சத்தம் போடும், வீடியோவுக்கு ஆகாது. நிக்கோன்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்த லென்ஸ் நிக்கோனுக்கு மோட்டார் உள்ளது, இல்லாதது என இரண்டு வகையாக வந்தது. டி3000, டி5000 வரிசை உடலில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மோட்டார் இல்லாத லென்ஸை அதில் மாட்டினால் கையால்தான் திருப்ப வேண்டும்.

கண்ணாடிப் பெட்டி இல்லாத (மிரர்லெஸ்) புதிய கேமரா என்றால் சிக்மா 18-50 எஃப் 2.8. சோனி, ஃபூஜி உடல்களுக்கு முன்பே இருந்தது. பையனின் ஆர்50 மாதிரி கேனன் ஆர்எஃப் உடலுக்கு 2024-இல் வந்தது. எடை 300 கிராம் அளவுதான், ஒரு பாட்டில் தண்ணீரைவிடக் குறைவு. அகலப் பக்கத்தில் 12 சென்டிமீட்டர் வரை கிட்டப் போகலாம். தாலியை, மருதாணிக் கையை, குழந்தையின் புதுத் தோட்டைத் தனி லென்ஸ் இல்லாமல் எடுத்துவிடலாம். அதில் நடுக்கம் தாங்கும் வசதி இல்லை. ஆர்50 உடலிலும் அது இல்லை. பையன் வீடியோவும் எடுக்க ஆசைப்பட்டால் இங்கே அவனுக்குக் கொஞ்சம் இடிக்கும், அதைச் சொல்லிவிட்டேன். சோனியிலோ ஃபூஜியிலோ அந்த வசதியோடு வேண்டுமென்றால் டாம்ரோன் 17-70 எஃப் 2.8 இருக்கிறது, எடையும் நீளமும் கூடும்.

ஃபுல் ஃபிரேம்காரர்களுக்கு 2.8-ஆ, 24-105 எஃப் 4-ஆ என்பதில் பெரிய சண்டையே நடக்கும். நான் இப்போது கேனன் 6டி-யில் 2005-இல் வந்த பழைய 24-105 எஃப் 4-தான் வைத்திருக்கிறேன். தீமிதியில் அந்த 105 என்னைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது. இருட்டில் 2.8-ஐவிட ஒரு படி, அதாவது பாதி வெளிச்சம் குறைகிறது, அதைப் பொறுத்துக்கொள்கிறேன். சோனி உடலுக்கு டாம்ரோன் 28-75 இரண்டாம் பதிப்பு, சிக்மா 28-70 இரண்டுமே 2.8, எடை முறையே 540, 470 கிராம். சிக்மாவின் 24-70 முதல் பதிப்பு 830 கிராம். தைப்பூசத்தன்று காவடிக்குப் பின்னால் ஆறு மணி நேரம் ஈப்போ கல்லுமலை முருகன் கோவிலுக்கு நடந்து பாருங்கள், அந்த முந்நூறு கிராம் எங்கே உட்கார்கிறது என்று கழுத்து சொல்லும். ஆனால் 28-இல் தொடங்குவதால் லயத்து முன்னறையில் ஒன்றரை அடி இழப்பீர்கள். கல்யாண மண்டபம்தான் உங்கள் பிழைப்பு என்றால் கவலைப்படாமல் 28 வாங்குங்கள்.

18-200 மாதிரி எல்லாவற்றையும் ஒன்றில் அடக்கிய லென்ஸ் பற்றி ஒரே வார்த்தை: இருட்டு. சுற்றுலாவுக்கு நல்லது.

பழசு வாங்கப் போகிறவர்கள் சட்டைப்பையில் ஒரு சின்ன டார்ச் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு முறை நான் ஒரு லென்ஸை மாலை ஏழு மணிக்கு ஒரு கடை வாசலில் தெருவிளக்கு வெளிச்சத்தில் பார்த்து வாங்கிவிட்டு, வீட்டுக்கு வந்து பார்த்தால் உள்கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. திருப்பிக் கொண்டு போனேன், "கொண்டு போகும்போது நல்லாத்தானே இருந்துச்சு" என்றார்கள். அதோடு முடிந்தது. முன்பக்க மூடி, பின்பக்க மூடி இரண்டையும் கழற்றி, பின்னாலிருந்து டார்ச் அடித்து முன்னால் சாய்வாகப் பாருங்கள். தூசி நாலைந்து இருந்தால் பரவாயில்லை. நூல் நூலாகக் கிளை விட்டிருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். துளை திறந்திருந்தால்தான் உள்ளே தெரியும். கேனன் ஈஎஃப் (கண்ணாடிப் பெட்டி கேமராவுக்கான) லென்ஸ் கழற்றிய நிலையில் திறந்தே இருக்கும். பழைய நிக்கோன் லென்ஸில் பின்னால் ஒரு சிறு நெம்புகோல் இருக்கும், விரலால் தள்ளிப் பிடிக்க வேண்டும்.

அடுத்தது நான்கு மூலைச் சோதனை. இதற்கு ஒரு தமிழ் நாளிதழ் போதும். நான்கு தாளைச் சுவரில் நான்கு மூலையில் வருமாறு ஒட்டுங்கள். கேமராவைச் சுவருக்கு நேராக முக்காலியில் வைத்து, துளையை முழுதாகத் திறந்து, அகலம், நடு, நீளம் என மூன்று ஜூமிலும் ஒவ்வொரு படம். ஜூம் மாற்றும்போது தாள்கள் மூலைக்கே வரும்படி கேமராவை நகர்த்திக்கொள்ளுங்கள். பிறகு திரையில் பெரிதாக்கி எழுத்தின் மேல் புள்ளி தெரிகிறதா என்று பாருங்கள். க-வுக்கும் க்-க்கும் வித்தியாசம் தெரிய வேண்டும். நான்கு மூலையிலும் ஒரே அளவுக்கு மங்கினால் அது அந்த லென்ஸின் குணம், துளையை 5.6 பக்கம் குறைத்தால் பெரும்பாலும் தெளியும். மூன்று மூலையில் புள்ளி தெரிந்து ஒரு மூலையில் மட்டும் கரைந்திருந்தால் உள்ளே கண்ணாடி சாய்ந்திருக்கலாம், எங்கேயோ விழுந்த லென்ஸாக இருக்கலாம். ஆங்கில நாளிதழில் இந்தச் சோதனை இவ்வளவு சுகப்படாது, அதில் i, j-க்கு மட்டும்தானே மேலே புள்ளி.

ஜூம் வளையத்தை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள், எங்கும் இடறக்கூடாது. லென்ஸைத் தலைகீழாகப் பிடித்தால் குழாய் தானாக இறங்கினால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். லென்ஸைக் கேமராவில் மாட்டும் வட்டைச் சுற்றி மெல்லிய ரப்பர் வளையம் இருந்தால் ஓரளவு தூறல் தாங்கும். நாலு மணி மழையும் மஞ்சள் நீரும் விபூதித் தூளும் நமக்கு வாடிக்கை என்பதால் அதற்குக் கொஞ்சம் அதிகம் கொடுத்தாலும் தகும். முன்னால் ஒரு ஃபில்டர் போட்டுவிடுங்கள். பூசாரி வேப்பிலையால் தண்ணீர் தெளிக்கும்போது உங்கள் லென்ஸைப் பார்த்துத் தெளிப்பதில்லை.

வாங்கிய பிறகு அலமாரித் துணிக்கு நடுவில் வைக்காதீர்கள். இந்த ஈரத்தில் பூஞ்சைக்கு அதுவே தொட்டில். ஈரம் உறிஞ்சும் மின்பெட்டி வாங்க முடிந்தால் ஈரப்பதத்தை 40-க்கும் 50 சதவீதத்துக்கும் இடையில் வையுங்கள். முடியாவிட்டால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா மணிகள், ஈரம் காட்டும் சின்ன முள் மீட்டர். என் அம்மா அரிசி டப்பாவில் வைக்கச் சொன்னார். அரிசித் தூள் ஜூம் குழாய்க்குள் போய்விடும், வேண்டாம். ஏர்கான் போட்ட வேனிலிருந்து நேராகக் கோவில் வாசலில் கேமராவை எடுத்தால் கண்ணாடி பனி மூடிவிடும். அரை மணி நேரம் முன்பே ஏர்கானை நிறுத்திவிட்டு, பையை மூடியபடியே வெளிக்காற்றில் வைத்து விடுங்கள்.

நேற்று ராத்திரி பையன் படங்களை எண்ணி அனுப்பினான். தங்கை பிறந்தநாள், பங்காளி வீட்டுக் கல்யாணம், கோவில் கும்பாபிஷேகம். மூன்றிலும் முக்கால்வாசி 18-இல். முன்னறையையும் நாடா வைத்து அளந்திருக்கிறான், பதினோரு அடி. சனிக்கிழமை வேன் வேலை இல்லை, ஈப்போவுக்குப் போய்ப் பார்ப்பதாகப் பேச்சு. டார்ச்சுக்குப் புது பேட்டரி போட்டாச்சு. நாளிதழை மட்டும் இன்னும் அம்மா படித்து முடிக்கவில்லை.